மின்மறவனுடைய அப்பா

பூத்துறை,
18 நவம்பர் 2024

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க.

அன்புள்ள ஷிஜின் அண்ணனுக்கு உன் தங்கை டெல்சி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அப்பா மெல்லத் தேறி வருகிறார். உன் சுகத்துக்காகத் தினமும் செபமாலை சொல்கிறோம்.

ஸ்டெனி ஃபாதர் போன் செய்தார். நீ சிறையில் கிடக்கிற அந்தத் தீவில் தமிழ் பேசுகிற ஒரு சாமியார் இருப்பதே நம் நல்ல காலம். மாதம் ஒருமுறை சிறைக்கு வருவாராம், கடிதம் கொடுத்தால் கொண்டு தருவாராம். போன் கிடையாது, புத்தகம் கிடையாது, கடிதம் மட்டும்தானாம். கேஸைப் பற்றி எழுதினால் ஆபீசில் கிழித்துவிடுவார்களாம். ஒரே ஒரு வரி எழுதுகிறேன், கிழித்தால் கிழிக்கட்டும். கடலில் கோடு போட்டு இது உன் பக்கம், அது என் பக்கம் என்கிறார்களே, அதை மீனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று அப்பா கேட்கிறார்.

அப்பாவுக்கு வாதம் வந்து விழுந்துபோன வலது கையும் காலும் இன்னும் வரவில்லை. வாய் கொஞ்சம் கோணியிருக்கிறது. பேச்சு குழறினாலும் எங்களுக்குப் புரிகிறது. உன் பெயரை மட்டும் தெளிவாகச் சொல்கிறார்.

அப்பா விழுந்தது தெரிந்து ஒன்பது நாள் நீ ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தாய் என்றும், ஊசி மருந்தில்தான் பிழைத்தாய் என்றும் ஃபாதர் சொன்னார். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். உனக்கு அறிவில்லையா அண்ணா? இங்கே ஒருவர் கட்டிலில் கிடப்பது போதாதா? இனி அப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதி அனுப்பு. என்ன வேண்டுமானாலும் கேள், செய்கிறேன். நீ சாப்பிட்டால் போதும்.

உன் தங்கை
டெல்சி


தீவுச் சிறை, ஸ்டெனி ஃபாதர் கைவழி
15 டிசம்பர் 2024

அன்புத் தங்கை டெல்சிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நான் சுகம். அப்பா, அம்மா, நீ எல்லோரும் நல்ல சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் எப்போது கரை சேருமோ.

சாப்பிடுகிறேன். இனி அப்படிச் செய்யமாட்டேன். போதுமா?

என்ன வேண்டுமானாலும் கேள் என்றாயே, கேட்கிறேன். சிரிக்காதே. எனக்குக் காமிக்ஸ் வேண்டும். புத்தகத்தை உள்ளே விடமாட்டார்கள். அதனால் நீ வாங்கிப் படித்து, பக்கம் பக்கமாக எனக்கு எழுது. நீ தினமும் லேப் வேலைக்கு மார்த்தாண்டம் போகிறவள்தானே. பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடையில் கேள்.

உனக்கு ஒன்றும் தெரியாது என்பதால் ஆதியிலிருந்து சொல்கிறேன். கோயம்புத்தூர் வேங்கை காமிக்ஸ் நம் ஆள். இருபது வருஷமாகக் குதிரைவீரன் கதையும் துப்பறியும் கதையும் போட்டவர்கள், இந்தக் கிறிஸ்துமஸுக்கு முதல்முறையாக ஒரு தமிழ் சூப்பர் ஹீரோவைக் கொண்டுவருகிறார்கள். பெயர் மின்மறவன். படம் வரைவது நம் பூதப்பாண்டிக்காரர் பகவதியப்பன். இதைக் கேள்விப்பட்டதும் மதுரை பாசறை காமிக்ஸுக்கு வயிறு எரிந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து அவர்களும் ஒரு சூப்பர் ஹீரோயினை அறிவித்தார்கள், கார்முகி என்று. மேகத்தை இழுத்து மழை பெய்ய வைப்பாளாம். ஒருவன் வீட்டில் விளக்கு எரிந்தால் மற்றவனுக்குக் கண் கூசும். கார்முகியைத் தொடாதே. மின்மறவனை மட்டும் வாங்கு. என் பெட்டியைத் திறக்காதே, பழைய இதழ்கள் வரிசை மாறிப்போகும்.

அப்பாவிடம் சொல், சீக்கிரம் வருவேன்.

அன்புடன் அண்ணன்
ஷிஜின்


பூத்துறை,
10 ஜனவரி 2025

இயேசுவுக்குப் புகழ். அண்ணனுக்குப் புத்தாண்டு வாழ்த்து. வீட்டில் யாவரும் சுகம். உன்னோடு பிடிபட்ட எட்டுப் பேரும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஊர் வந்து சேர்ந்தார்கள். படகு ஓட்டினவன் என்பதால் உனக்கு மட்டும் விசாரணை முடியவில்லை என்றார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் வந்து அப்பா கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அப்பா எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

மின்மறவன் வாங்கினேன். "கொச்சுப் பிள்ளைக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். "முப்பத்தொரு வயசுப் பிள்ளைக்கு" என்றேன்.

கதை இதுதான். கதிர் என்று ஒருவன், கேபிள் டிவி மெக்கானிக். மழையில் மொட்டை மாடியில் வயர் மாட்டிக்கொண்டிருக்கிறான். அப்பா குடையோடு மேலே வருகிறார். மின்னல் இறங்குகிறது. அப்பா அவனைத் தள்ளிவிட்டுத் தான் வாங்கிக்கொள்கிறார். பதினாலாம் பக்கம் முழுக்க ஒரே படம், ஒரு எழுத்துகூட இல்லை. செத்துக் கிடக்கிற அப்பாவின் கை மட்டும் ஈரத் தரையில் தெரிகிறது, பக்கத்தில் குடை. அந்த மின்னலின் மிச்சம் மகன் உடம்பில் ஏறி அவன் மின்மறவன் ஆகிறான். வில்லன் பெயர் மணல்கோமான். ஆற்று மணலைத் தின்று பெருத்துக்கொண்டே போகிறவன். உடுப்பு நீலம், நெஞ்சில் மஞ்சள் கோடு.

அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினாலாம் பக்கத்தைக் கண்முன் பிடித்ததும் ரொம்ப நேரம் பார்த்தார். "அப்பன்னா இப்பிடியாக்கும் இருக்கணும்" என்றார். பிறகு, "இந்தக் கரண்டுக்காரன் கடலுக்கு வந்தா என்ன செய்வான்? மீனெல்லாம் செத்துல்லா போவும்" என்றார். விழுந்த பிறகு அப்பா சிரித்தது அன்றுதான்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

டெல்சி


தீவுச் சிறை
2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு, சுகம், சுகமே நாடுகிறேன்.

உன் கடிதத்தை இருபது தடவையாவது வாசித்திருப்பேன். ஏட்டி, நீ நன்றாகத்தான் சொல்கிறாய். வார்த்தையே இல்லாமல் ஒரு முழுப் பக்கம் விட்டார்களே, அதற்குத் தைரியம் வேண்டும். பாசறைக்காரனாக இருந்தால் அந்தப் பக்கத்தில் "ஐயோ அப்பா!" என்று ஆறு பலூன் போட்டிருப்பான்.

குறையும் சொல்கிறேன். நெஞ்சில் மஞ்சள் கோடு வேண்டாம், வெளிநாட்டு ஹீரோக்களைப் பார்த்துத் தைத்த உடுப்பு அது. கேபிள் மெக்கானிக்குக் காக்கிச் சட்டையே போதும். மணல்கோமான் நல்ல வில்லன். நம் பக்கத்து ஆறுகளைப் பார்த்தவன்தான் இப்படி ஒருவனை யோசிக்க முடியும், இது பகவதியப்பன் கொடுத்த யோசனையாகத்தான் இருக்கும். அவரை வேங்கை கைவிட்டால் எல்லாம் போச்சு. பாசறை அவரைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கும், எழுதி வைத்துக்கொள். கதை எழுத ஆள் இல்லாதவனுக்கு ஆள் பிடிக்கத்தான் தெரியும்.

கடைசி அட்டையில் பாசறையைக் கிண்டல் செய்து விளம்பரம் வந்ததா? வந்திருந்தால் எழுது. அது எனக்குப் பிடிக்காது. நம் ஆள் செய்தாலும் தப்பு தப்புத்தான்.

அப்பா சிரித்ததை எழுதினாயே. வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அப்பாவிடம் சொல், ஈஸ்டருக்கு நான் வீட்டில் இருப்பேன். காகிதமெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. உறுதியாகச் சொல். ஈஸ்டர் அன்று காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது நான்தான்.

அண்ணன்
ஷிஜின்


பூத்துறை,
28 பிப்ரவரி 2025

இயேசுவுக்குப் புகழ். அன்புள்ள அண்ணனுக்கு. அம்மாவும் நானும் சுகம்.

நீ நாக்கில் கரியோடு பிறந்தவன். பகவதியப்பன் பாசறைக்குப் போய்விட்டார். மின்மறவன் இரண்டாம் இதழும் கார்முகி முதல் இதழும் ஒரே நாளில் கடைக்கு வந்தன. கார்முகியின் அட்டையிலேயே "பகவதியப்பன் இனி இங்கே" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வேங்கை ஆசிரியர் முதல் பக்கத்தில், "வளர்த்த கை கடிக்கிறது, பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறார். பாவமாக இருந்தது. இரண்டாம் இதழின் படங்கள் யாரோ புது ஆள். கதிருக்கு ஒரு பக்கத்தில் மீசை இருக்கிறது, அடுத்த பக்கத்தில் இல்லை.

திட்டாதே, கார்முகியையும் வாங்கினேன். உள்ளதைச் சொன்னால் அவள்தான் எனக்குப் பிடித்திருக்கிறாள். மின்மறவன் அடித்து நொறுக்குகிறான், அவள் யாரையும் அடிப்பதில்லை. மழையைக் கொண்டுவருகிறாள், அவ்வளவுதான். நீ மூக்கு சிவந்து கத்துவது இங்கேவரை கேட்கிறது.

அப்பாவுக்கு உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். அன்றைக்கே காலண்டரைக் கட்டில் பக்கம் மாட்டச் சொன்னார். காலையில் கண் விழித்ததும், "ஈஸ்டருக்கு எத்தன நாளாக்கும்?" என்று கேட்கிறார். நான் சொல்வேன். மறுநாள் ஒன்று குறையும். முன்பு கஞ்சியைத் துப்பிக்கொண்டிருந்தவர் இப்போது இடது கையால் கிண்ணத்தைப் பிடித்துத் தானே குடிக்கிறார். மூச்சு மட்டும் சில நேரம் இழுக்கிறது. டாக்டர் மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

அண்ணா, ஈஸ்டர் என்பது உறுதிதானே? ஒரு வரி எழுது.

டெல்சி


பூத்துறை,
25 மார்ச் 2025

மரியாதைக்குரிய ஸ்டெனி ஃபாதருக்கு டெல்சியின் தோத்திரம்.

போனில் பேச முயன்றேன், அழுகைதான் வந்தது. அதனால் எழுதுகிறேன். எங்கள் அப்பா ஞானதாசன் இந்த மாதம் பதினேழாம் தேதி இறந்துவிட்டார். மறுநாள் அடக்கம் முடிந்தது.

ஃபாதர், இதை ஷிஜின் அண்ணனுக்குச் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அப்பா விழுந்ததற்கே ஒன்பது நாள் பட்டினி கிடந்தவன். இறந்துவிட்டார் என்று தெரிந்தால் அவனை நீங்கள் உயிரோடு பார்க்கமுடியாது. எல்லை தாண்டினதாகப் பிடித்து, படகு ஓட்டினவன் என்று அவனை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அழக்கூட ஓர் ஆள் இல்லை. அவன் வீட்டு வாசலில் வந்து இறங்கட்டும். அம்மா அவனைப் பிடித்துக்கொள்ளட்டும். அப்புறம் நான் என் வாயால் சொல்கிறேன்.

இதோடு அவனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அதில் அப்பா சுகம் என்றுதான் எழுதியிருக்கிறேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் அவன் கேட்கிற படக்கதையை நானே கட்டி எழுதியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அந்தக் கடைப் பக்கம் போகக் கால் வரவில்லை. பொய்க்குப் பாவமன்னிப்பு உங்களிடமே கேட்டுக்கொள்கிறேன்.

அன்புள்ள
டெல்சி


பூத்துறை,
25 மார்ச் 2025

இயேசுவுக்குப் புகழ். அன்புள்ள அண்ணனுக்கு. வீட்டில் யாவரும் சுகம். அப்பாவும் சுகம்.

லேப்பில் வேலை அதிகம், அதனால் எழுதத் தாமதம். மின்மறவன் மூன்றாம் இதழ் வந்துவிட்டது. மணல்கோமான் ஆற்றுப் பாலத்தை விழுங்க வருகிறான். கதிர் தெருவிளக்குகளின் கரண்டையெல்லாம் உறிஞ்சிச் சண்டை போடுகிறான். ஊர் முழுக்க இருட்டாகிறது. வில்லன் தப்பித்துவிடுகிறான். கதிர் களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறான். அவன் அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். "தோத்தா என்ன மக்கா, வந்து சேந்தியே, அது போதும்" என்கிறார். கதிர் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொள்கிறான். அதோடு இதழ் முடிகிறது. எனக்கு இந்த இதழ் பிடித்திருந்தது.

சாப்பிடு. அம்மா உன்னையே கேட்கிறாள்.

டெல்சி


தீவுச் சிறை
30 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு. சுகம்.

ஈஸ்டர் போய்விட்டது. என்னைத் திட்டியிருப்பீர்கள். இங்கே ஒரு கையெழுத்துக்கு ஒரு மாதம். அப்பா ரொம்ப வருத்தப்பட்டுச் சடைந்துகொண்டாரா? ஓணத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்.

இப்போது வேங்கைக்காரனைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதிரின் அப்பா எப்படிக் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்? முதல் இதழ், பதினாலாம் பக்கம், அவர் செத்தாயிற்று! எழுத்தில்லாத அந்தப் பக்கத்துக்காகத்தானே நான் இவர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடினேன். இரண்டே இதழில் ஆளை எழுப்பி உட்கார வைத்துவிட்டார்களா?

வெளிநாட்டு சூப்பர் ஹீரோ கம்பெனிகள் ஐம்பது வருஷமாகச் செய்கிற கேடு இது. விற்பனை விழுந்தால் ஒருவனைச் சாகடிப்பார்கள், மறுபடி விழுந்தால் அவனையே எழுப்புவார்கள். அதனால் அங்கே ஒருவன் செத்தால் வாசகன் கண்ணில் ஒரு சொட்டு வராது, எப்படியும் வருவான் என்று தெரியும். நம் கதைகள் அப்படியிருக்காது என்று நினைத்தேன். செத்தவன் செத்தவனாகவே இருந்தால்தான் டெல்சி, உயிரோடிருக்கிறவன் செய்கிற காரியத்துக்கு ஒரு மதிப்பு. கதிர் அந்த மின்னலைச் சுமப்பதே அப்பா இல்லை என்பதால்தான். அவர் வீட்டில் கஞ்சி குடிக்கிறார் என்றால் இவன் எதற்கு ஊரைக் காப்பாற்றப் போகவேண்டும்? வீட்டிலேயே இருக்கலாமே.

ஆசிரியருக்கு என் பெயரில் ஒரு கடிதம் எழுது. ஷிஜின், பூத்துறை, இருபது வருஷ வாசகன், நீங்கள் எங்களை ஏமாற்றிவிட்டீர்கள் என்று எழுது. இந்தக் கோபத்தில் நேற்று இரண்டு ரொட்டி அதிகம் சாப்பிட்டேன், அதை அம்மாவிடம் சொல்.

ஷிஜின்


பூத்துறை,
2 ஜூன் 2025

இயேசுவுக்குப் புகழ். அன்புள்ள அண்ணனுக்கு. எல்லோரும் சுகம். மழை தொடங்கியிருக்கிறது, கடலில் அலையடி அதிகம்.

நீ கோபப்பட வேண்டாம். நான்தான் சரியாகச் சொல்லவில்லை. அது கதிரின் கனவு. நாலாம் இதழில் சொல்லிவிட்டார்கள். சண்டையில் அடிபட்டு மயங்கிக் கிடக்கிறான், அப்போது அப்பா வருவதுபோலக் கனவு காண்கிறான். விழித்துப் பார்த்தால் கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. போர்வை மடித்து வைத்திருக்கிறது. அவன் அந்தக் கட்டிலை எடுத்து வெளியே போடவும் முடியாமல், பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாமல் நிற்கிறான். மணல்கோமானைப் பற்றி இந்த இதழில் அதிகம் இல்லை.

ஆசிரியருக்குக் கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். ஓணத்துக்குள் என்று சொல்லியிருக்கிறேன். நீ வந்தால் போதும் அண்ணா. வேறொன்றும் எங்களுக்கு வேண்டாம்.

டெல்சி


தீவுச் சிறை
20 ஜூலை 2025

அன்புத் தங்கை டெல்சிக்கு.

போன மாதம் புதிதாக ஆறு பேரைக் கொண்டுவந்தார்கள். ஒருவன் கடியப்பட்டணத்துக்காரன், எபின் என்று பெயர். பாசறை ரசிகன். மூன்று நாள் நாங்கள் வாயால் அடித்துக்கொண்டோம். இந்தச் சுவருக்குள் எனக்குக் கிடைத்த நல்ல நாட்கள் அவை. நாலாவது நாள் நான், "என்னதான் சொல்லு, அந்தக் கட்டில் கனவை உங்க ஆளுக யோசிக்க முடியுமா?" என்றேன். அவன் விழித்தான். "எந்தக் கட்டில்? மின்மறவன் ரெண்டு புக்கோட நின்னு போச்சே அண்ணா. வேங்கையையே மூடியாச்சு. கடைசியா இருந்த புக்கெல்லாம் பாசறைக்காரன்தான் மொத்தமா வாங்கினான்" என்றான். நான் அவனைப் பொய்யன் என்று அடிக்கக் கை ஓங்கினேன். அவன் சத்தியம் செய்தான்.

மூன்றாம் இதழே வரவில்லை. அப்படியானால் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் கஞ்சி குடித்தது யாருடைய அப்பா என்று யோசித்தேன். யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பிப்ரவரிவரை அப்பா பேசுகிறார், சிரிக்கிறார், நாள் எண்ணுகிறார். மார்ச்சிலிருந்து சுகம் என்ற ஒரு சொல்லைத் தவிர அவரைப் பற்றி ஒன்றுமில்லை. நம் அப்பா ஒரு சொல்லில் அடங்குகிறவரா டெல்சி? ஸ்டெனி ஃபாதரிடம் கேட்டேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட எனக்கு முகமும் இல்லை. ஆபீசில் கிழித்தால் கிழிக்கட்டும், எழுதுகிறேன். ஜனவரி ஒன்பதாம் தேதி எனக்குத் தீர்ப்பு வந்தது. நாலு வருஷம். ஈஸ்டருக்கு வருவேன் என்று எழுதியபோது அது வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பா கஞ்சியைத் துப்பாமல் குடிக்கட்டும் என்று எழுதினேன். வீட்டுக்குச் சொல்லவேண்டாம் என்று ஃபாதர் காலில் விழுந்தேன். பாவம், அந்த மனிதர் நம் இரண்டு பேர் பொய்யையும் ஒரே பையில் சுமந்திருக்கிறார்.

சாப்பிடுகிறேன், பயப்படாதே. பசியில்லை, ஆனாலும் சாப்பிடுகிறேன். எபின் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அப்பா என்றைக்குப் போனார், எப்படிப் போனார் என்று மட்டும் எழுது. கதை கட்டாமல் எழுது.

அண்ணன்
ஷிஜின்


பூத்துறை,
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு.

மார்ச் பதினேழு, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. மறுநாள் மாலை நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கினோம். மூத்த மகன் போடவேண்டிய முதல் பிடி மண்ணை நான் போட்டேன். உன்னோடு வந்த எட்டுப் பேரும்தான் பெட்டியைத் தூக்கினார்கள்.

நாலு வருஷம் என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீ எழுதியது பொய் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அவர் அவ்வளவு நாள் காத்திருந்திருக்கமாட்டார், முன்னாலேயே போயிருப்பார். அது நல்லதா கெட்டதா என்று யோசித்து யோசித்து எனக்கு விடை கிடைக்கவில்லை. நாம் இரண்டு பேரும் நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம். கதிரின் அப்பா செத்தது எனக்கு எப்படி மறந்தது என்றும் தெரியவில்லை. அந்த வாரம் எனக்கு ஒரே ஓர் அப்பாதான் நினைவில் இருந்தார்.

எப்படிப் போனார் என்று கேட்டாய். ஞாயிற்றுக்கிழமையே மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் பங்குச் சாமியார் நோயில்பூசுதல் கொடுக்க எண்ணெயும் நற்கருணையும் கொண்டு வந்தார். அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "ஷிஜின் வரட்டு" என்றார். எண்ணெய் பூசினால் போகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம் அவருக்கு. சாமியார் எவ்வளவோ சொன்னார். அம்மா அழுதாள். "அவன் வராம நான் வாய் தொறக்கமாட்டேன்."

நற்கருணை வாங்காமல் போய்விடுவாரோ என்று பயந்தேன். அப்பா காதோரம் குனிந்து, "அண்ணன் வந்தாச்சு அப்பா. திருவனந்தபுரத்துல எறங்கியாச்சு. காரு களியக்காவிளை தாண்டியாச்சு" என்றேன். அப்பா என் முகத்தையே பார்த்தார். "மாதா சத்தியமா?" என்று கேட்டார். "மாதா சத்தியமா" என்றேன். வாயைத் திறந்தார். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார்கள். நற்கருணை வாங்கினார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு அம்மாவிடம், "அவனுக்குச் சோறு வையி" என்றார். என்னிடம், "கதவத் தொறந்து போடு மக்கா" என்றார்.

கதவைத் திறந்து போட்டேன். வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். தெருவில் ஓர் ஆட்டோ சத்தம் கேட்டது. "வந்தாச்சு" என்றார் அப்பா. அது வேறு யார் வீட்டுக்கோ போகிற ஆட்டோ. நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். "வா அண்ணா, வா, அப்பா முழிச்சுத்தான் கெடக்காரு" என்று அவர் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன். ஆட்டோக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் உள்ளே வந்தபோது அம்மா அப்பாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

உன் தங்கை
டெல்சி